விட்டுக்கொடுத்ததற்கு ஒரு புள்ளி

அவளைப் பெயர் சொல்லி அந்த வீட்டில் யாரும் கூப்பிட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. "ஆராய்ச்சி எங்கே?" "ஆராய்ச்சி குளிக்கிறா." "ஆராய்ச்சி, அந்த உப்பை இப்படி நகர்த்து." கேலிக்கு வைத்த பெயர்தான். வைத்தவர்களுக்கே இப்போது அது கேலி என்பது மறந்துபோய்விட்டது.

மனசைப் பற்றிப் படிக்கிற படிப்பு அவளுடையது. அதில் ஒரு பட்டம் வாங்கினாள், சரி. மேலே இன்னொன்று வாங்கினாள், அதுவும் சரி. அதற்கும் மேலே ஒன்று இருக்கிறதாமே, பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமாமே, அதில் போய் உட்கார்ந்தாள். அவள் சேர்ந்தபோது அக்கா பிள்ளை தொட்டிலில் கிடந்தான். இப்போது அவன் அக்காவையே எதிர்த்துப் பேசுகிறான். இவள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். இதில் தப்பு யார்மேல் என்று கேட்டால், படிப்பின் மேல்தான். முடிகிற மாதிரி ஒரு படிப்பை வைத்திருந்தால் அவள் முடித்திருக்க மாட்டாளா?

வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கேட்பது, "முடிஞ்சுதா?" என்றுதான். சித்தப்பா மட்டும் வேறு மாதிரி. சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார்.

"நான் இப்ப மனசுல என்ன நினைக்கிறேன், சொல்லு பார்ப்போம்."

"இன்னொரு வாய் காபி கிடைக்குமான்னு நினைக்கிறீங்க சித்தப்பா."

"அட, கரெக்டா சொல்லிட்டாளே! படிச்சது வீண் போகல."

மனசைப் படிக்கிறவளுக்கும் மனசை எட்டிப்பார்க்கிறவளுக்கும் வித்தியாசம் உண்டு என்று அவள் ஆரம்ப காலத்தில் விளக்கிப் பார்த்தாள். பிறகு காபியே போட்டுக் கொடுத்துவிடுவது சுலபம் என்று விட்டுவிட்டாள்.

இந்தக் கேலியெல்லாம் அவளை ஒன்றும் செய்யவில்லை. அவள் பயந்தது வேறொன்றுக்கு. அவளுடைய துறையில் வருஷத்துக்கு ஒருமுறை, படிக்கிற ஒவ்வொருவரையும் மூன்று பெரியவர்கள் ஒரு அறையில் உட்கார வைத்து விசாரிப்பார்கள். ரிவியூ என்று அதற்குப் பெயர். முதல் வருஷம் இதை முடித்திருக்க வேண்டும், இரண்டாம் வருஷம் அதை முடித்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது. விசாரித்து முடித்ததும் ஒரு சொல் எழுதுவார்கள். 'திருப்தி' என்று எழுதினால் தப்பித்தாய். 'கவனம் தேவை' என்று எழுதினால் இன்னும் ஒரு வருஷம் தவணை. அடுத்தடுத்து இரண்டு முறை 'கவனம் தேவை' வந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அத்தனை வருஷமும் அதோடு சரி.

போன வருஷம் ஆராய்ச்சிக்கு எழுதினது 'கவனம் தேவை'.

ஆகவே இந்த வருஷம் அவளுக்கு ஒரே ஒரு வேலை. அவளுடைய ஆய்வுக்கு எடுத்த வீடியோக்களைப் பார்த்து மார்க் போடுகிற வேலை முடிந்துவிட்டது என்று அந்த மூன்று பேர் முன்னால் காட்ட வேண்டும். அவ்வளவுதான். காட்டிவிட்டால் அவள் இருப்பாள், இல்லாவிட்டால் இல்லை.

அது என்ன ஆய்வு என்று கேட்டால் சிரிப்பு வரும். ஒரு கணவன் மனைவியை ஓர் அறைக்குக் கூட்டிவர வேண்டியது. நடுவில் ஒரு குட்டி அலமாரி, பலகை பலகையாகப் பிரித்துப் போட்டது. பக்கத்தில் திருகாணிகளும் ஒரே ஒரு திருப்புளியும். "ரெண்டு பேரும் சேர்ந்து இதை மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு இவள் வெளியே போய்விடுவாள். மூலையில் கேமரா ஓடும். யார் யாருக்கு எத்தனை தடவை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஒருவர் விட்டுக்கொடுத்தால் அவர் பேரில் ஒரு புள்ளி. இதற்குப் போய் இத்தனை வருஷமா என்று மாமியார் கேட்டதில் தப்பு சொல்ல முடியாது.

முதலில் இவளும் இவள் வீட்டுக்காரரும்தான் ஒத்திகைக்கு உட்கார்ந்தார்கள். அவர் லிப்ட் மெக்கானிக். கட்டடம் கட்டடமாகப் போய் லிப்ட்டைத் தூக்கி நிறுத்துகிற ஆள் அந்த அலமாரியோடு மல்லுக்கட்டின அழகை இவள் வீட்டில் சொல்லி மானத்தை வாங்கியிருக்கிறாள். அந்த வீடியோவை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். அது ஒத்திகை, எப்படியும் சேர்க்க மாட்டோம் என்று இவள் சொன்னதை அவர் இன்றுவரை நம்பவில்லை.

இந்தப் படிப்பில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒருத்தி மட்டும் வீடியோ பார்த்து மார்க் போட்டால் செல்லாது. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துத் தனித்தனியாகப் போட வேண்டும். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓரளவு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால்தான், பார்த்தவள் மனசில் இருந்ததை அல்ல, வீடியோவில் இருந்ததைத்தான் எண்ணினார்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது ஆள் சுருட்டை. தலைமுடியை வைத்து வந்த பெயர். இவளோடு ஒரே வருஷம் சேர்ந்தவள், ஒரே லேபில் இருக்கிறவள், வாய் மூடாதவள். இரண்டு பேரும் கண்டிப்பை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார்கள். இவள் ஜன்னல் பக்கம், அவள் சுவர்ப் பக்கம். காதில் ஹெட்போன். ஒருத்தி திரையை இன்னொருத்தி எட்டிப்பார்த்தது கிடையாது. எத்தனை புள்ளி போட்டாய் என்று ஒரு நாளும் கேட்டது கிடையாது.

ஆனால் மத்தியானம் ஒன்று வருகிறதே.

பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தால் போதும்.

"இன்னிக்கு அந்தத் தொப்பிக்காரர் ஜோடி பாத்தியா?"

"ஐயோ, பாத்தேன்டி! ரூமுக்குள்ள எதுக்கு அந்தாளுக்குத் தொப்பி?"

"தொப்பியை விடு. அந்தம்மாவை ஒரு வார்த்தை கேக்கலியே. திருப்புளியைப் பிடுங்காத குறை."

"பாவம், கீழ வெச்சிட்டு ஓரமா உக்காந்துட்டாங்க. எவ்வளவு பொறுமை! நானா இருந்தா பலகையாலயே போட்டிருப்பேன்."

"நீ கல்யாணமே பண்ணிக்காத. ஆளுக்கு நல்லது."

மார்க்கைப் பற்றி மூச்சு விடவில்லை, அது நிஜம். மனுஷர்களைப் பற்றித்தான் பேசினார்கள். பல ஊர் கதை கேட்கிற மாதிரி இருந்தது. யார் நல்லவர், யார் முரடர், யார் பாவம் என்று படிக்கட்டிலேயே தீர்ப்பு எழுதி, டப்பாவைக் கழுவிக்கொண்டு மேலே போவார்கள்.

மார்க் போட்டு முடித்த அன்றைக்கு இரண்டையும் கம்ப்யூட்டரில் போட்டு ஒப்பிட்டாள். எண் வந்தது. இவள் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள். ஒரு நூலிழை விட்டால் முழுப் பொருத்தம். ஓடிப்போய் கைடு அம்மாவிடம் காட்டினாள். இவள் ஆய்வுக்கு வழிகாட்டுகிற பேராசிரியை அவர். அதிகம் பேச மாட்டார். பேசினாலும் கேள்வியாகத்தான் பேசுவார்.

அவர் எண்ணைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். திரும்ப எண்ணைப் பார்த்தார்.

"நீயும் அவளும் மத்தியானம் எங்க சாப்பிடறீங்க?"

"பின்னாடி படிக்கட்டுல மேடம்."

"சேர்ந்தா?"

"ஆமா மேடம்."

"ம்."

"மார்க்கைப் பத்திப் பேசவே இல்ல மேடம். சத்தியமா."

"ம்," என்றார் மறுபடி. "சரி. ரிவியூ வருது. தயாராயிடு."

இந்த மனசுப் படிப்புக்காரர்கள் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்த "ம்" இருக்கிறதே, அதைத் தாங்க முடியாது. எதிரே நிற்கிறவள் வாயிலிருந்தே எல்லாம் கொட்டட்டும் என்று காலி இடம் விட்டுவைக்கிற "ம்" அது. பேட்டி எடுப்பதற்கென்று இவளுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தன்மேல் பாய்ந்ததும்தான் அது எப்படிக் குடையும் என்று தெரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் கை கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"மார்க் ரெண்டும் ரொம்ப ஒத்துப்போயிடுச்சுங்க."

"நல்லதுதானே?"

"ரொம்ப."

அவர் துண்டை எடுத்துக்கொண்டு திரும்பினார். "பரீட்சையில ஃபெயிலாகி அழறவங்களைப் பாத்திருக்கேன். மார்க் அதிகமா வந்துடுச்சுன்னு அழற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

"அழல."

"மூக்கு சிவந்திருக்கே."

"அந்த ஜோடிங்க நிஜமாவே விட்டுக்கொடுத்தாங்களா, இல்ல நாங்க படிக்கட்டுல உக்காந்து முடிவு பண்ணிட்டோமான்னு எனக்கே தெரியலைங்க."

"அது யாருக்குத்தான் தெரியும்? கொண்டுபோய்க் காட்டு. திருப்தின்னு எழுதுவாங்க. அவங்களும் திருப்தி, நீயும் திருப்தி, எங்கம்மாவும் திருப்தி."

"காட்டிட்டு?"

"காட்டிட்டு முடி! நானும் நாலு பேர்கிட்ட, என் பொண்டாட்டி படிப்பை முடிச்சுட்டான்னு ஒரு தடவையாவது சொல்லிக்கிறேன்."

அவர் சொன்னதில் ஆசைதான் இருந்தது, கெட்ட எண்ணம் இல்லை. அதனாலேயே அவளுக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று. அவர் அலுத்துக்கொண்டிருந்தால் இவள் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள்.

மறுநாள் மௌனியிடம் போனாள். லேபில் கடைசியாகச் சேர்ந்த பையன். யாரோடும் பேச மாட்டான், யாரோடும் சாப்பிட மாட்டான், காதில் எப்போதும் பாட்டு. திமிர் பிடித்தவன் என்று சுருட்டைகூடச் சொல்லியிருக்கிறாள். இப்போது இவளுக்கு வேண்டியதே அந்தத் திமிர்தான். அந்தக் கட்டடத்தில் தொப்பிக்காரர் கதையைக் கேட்காத காது அவனுடையது மட்டும்தான்.

"கொஞ்சம் வீடியோ பாத்து மார்க் போட்டுத் தரியா தம்பி? என்கிட்ட எதுவும் கேக்காத. யார்கிட்டயும் எதுவும் பேசாத."

"சரிக்கா." பேசாதே என்று ஒருவர் கெஞ்சிக் கேட்டதில் அவனுக்கு உள்ளூர ஆனந்தமாகவே இருந்திருக்கும்.

அவன் போட்டுக் கொடுத்ததை ஒப்பிட்டாள். எண் பொத்தென்று விழுந்தது. செல்லவே செல்லாத அளவுக்கு விழுந்தது. எங்கே பிசகு என்று தேடிப்போனால், தொப்பிக்காரர் ஜோடியில் வந்து நின்றது. அந்தம்மா பேரில் இவளும் சுருட்டையும் வாரி வழங்கின இடத்தில் மௌனி ஒன்றுமே போடவில்லை.

"ஏன் தம்பி? திருப்புளியைக் கீழ வெச்சுட்டு உக்காந்துட்டாங்களே. அது விட்டுக்கொடுத்தது இல்லையா?"

மௌனி ஒரு காதிலிருந்து மட்டும் ஹெட்போனை எடுத்தான். "அவங்க ஸ்ட்ரைக் பண்றாங்கக்கா."

"ஸ்ட்ரைக்கா?"

"பலகையை அவரு தலைகீழா மாட்டறாரு. அது அவங்களுக்குத் தெரியும், முதல்லயே சொன்னாங்க, அவரு கேக்கல. மாட்டி முடிக்கட்டும்னு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. வாயோரம் பாருங்க."

ஓட்டிப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். ஆமாம், வாயோரத்தில் ஒரு சிரிப்பு. பாவம் என்று படிக்கட்டில் இவர்கள் கண் கலங்கினார்களே, அந்தம்மா அங்கே வேடிக்கை பார்த்து ரசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்!

ஆராய்ச்சிக்குச் சிரிப்பு பீறிட்டது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. அந்தத் தொப்பிக்காரர், முரடர் என்று இவர்கள் முத்திரை குத்தின மனுஷர், பலகையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் ஒன்றும் பேசாமல் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மனைவி முதலில் சொன்னபடியே திருப்பி மாட்டினார். மௌனி அவர் பேரில் புள்ளி போட்டிருந்தான். இவளும் போடவில்லை, சுருட்டையும் போடவில்லை. கண்ணெதிரே நடந்திருக்கிறது, இரண்டு பேருக்குமே தெரியவில்லை. சிரிப்பு அங்கேயே நின்றுபோயிற்று.

சுருட்டையிடம் சொன்னதும் அவள் குதித்தாள்.

"மார்க்கைப் பத்தி நாம ஒரு வார்த்தை பேசினோமாடி?"

"மார்க்கைத் தவிர மீதி அத்தனையும் பேசினோம்."

"அப்ப நான் இத்தனை மாசம் கண்ணு எரியப் பாத்ததெல்லாம் குப்பையா?"

"நான் பாத்ததும்தான்."

"ரிவியூ வருதே, என்ன பண்ணப்போற?"

"இதைத்தான் சொல்லப்போறேன்."

"பைத்தியம். வெளிய அனுப்பிடுவாங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள் சுருட்டை. அவள்மேல் கோபப்படக் கூடாது. கூட இருந்தவள் வெளியே போய்விடுவாளே என்கிற பயம், அவளுக்குக் கத்தலாகத்தான் வரும்.

கைடு அம்மாவிடம் இவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் இந்தத் தடவை "ம்" சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"எனக்குச் சந்தேகம்தான் இருந்துது. இவ்வளவு மோசம்னு நினைக்கல. ரிவியூவைத் தள்ளிப்போட முடியாதும்மா. அந்த ரூம்ல நானும் மூணுல ஒரு ஆள்தான்."

"தெரியும் மேடம்."

"வேலை முடிஞ்சுதான்னு கேப்பாங்க."

"முடியலைன்னு சொல்லிடறேன்."

ரிவியூ நாளும் வந்தது. நீள மேஜை. அந்தப் பக்கம் மூன்று நாற்காலி, இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் நடுவில் துறைத் தலைவர், விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலது பக்கம் புள்ளிவிவரம் சொல்லிக்கொடுக்கிற பேராசிரியர். அவரை எல்லாரும் கணக்குக்காரர் என்றுதான் சொல்வது. இடது பக்கம் கைடு அம்மா.

"இந்த வருஷ எதிர்பார்ப்பு, மார்க் போடற வேலை முடிஞ்சிருக்கணும்," என்றார் தலைவர். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார். அப்புறம் அது தப்புன்னு தெரிஞ்சுது. அதனால முடியல."

தலைவர் பேனாவை மூடினார். "ஒரே பதிலா சொல்லும்மா."

"முடியல சார்."

கணக்குக்காரர் முதலில் வந்த எண்ணைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "ரெட்டைப் பிள்ளைங்களுக்குக்கூட இவ்வளவு ஒத்துப்போகாதேம்மா," என்று சிரித்தார். இவள் படிக்கட்டுக் கதையைச் சொன்னாள். மௌனியைப் பற்றிச் சொன்னாள். பிசகு எங்கே என்று காட்டுவதற்காகத் தொப்பிக்காரர் ஜோடியைத் திரையில் ஓட்டினாள். 

"இதுல என்ன சந்தேகம்?" என்றார் தலைவர். "அந்தம்மா விட்டுக்கொடுக்கறாங்க. ஒரு புள்ளி."

"விட்டுக்கொடுக்கறாங்களா!" என்றார் கணக்குக்காரர். "சார், எங்க வீட்டுல இப்படிக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தாங்கன்னா அன்னிக்கு நான் வெளியிலதான் சாப்பிடணும்."

"உங்க வீட்டு விஷயத்தை இங்க கொண்டுவராதீங்க."

"நீங்க மட்டும் எந்த வீட்டை வெச்சுச் சொல்றீங்க?"

"ரெண்டு பேருமே பின்பாதியைப் பாக்கல," என்றார் கைடு அம்மா. "அவங்க உக்காந்ததுக்கு அப்புறம் பலகையை நகர்த்திக் கொடுக்கறாங்க. அரைப் புள்ளியாவது வேணும்."

"அரைப் புள்ளியா? அப்படி ஒண்ணு இருக்கா?" என்றார் தலைவர்.

"இன்னொரு தடவை ஓட்டும்மா!" என்றார் கணக்குக்காரர்.

ஓட்டினாள். தலைவர் கணக்குக்காரர் பக்கம் சாய்ந்து, "அந்த மூஞ்சியைப் பாருங்க, பொறுமைதானே அது?" என்றார். அவரும் இளகி, "இப்ப நீங்க சொல்லிப் பாத்தா அப்படித்தான் இருக்கு," என்று ஆரம்பித்தார்.

ஆராய்ச்சிக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல். "சார், பேசாதீங்க!"

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். தலைவரை அந்த அறையில் யாரும் அப்படி அடக்கினது இல்லை.

"தனித்தனியா எழுதிக் குடுங்க சார். பக்கத்துல இருக்கறவங்களைப் பாக்காம," என்றாள், குரல் தழைந்து. வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

பெரிய பெரிய படிப்புப் படித்த மூன்று பேரும் ஆளுக்கொரு தாளை எடுத்து, பள்ளிப் பிள்ளைகள் மாதிரி மற்றக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். கணக்குக்காரர் ஓரக்கண்ணால் பக்கத்துத் தாளைப் பார்க்க, தலைவர் முழங்கையால் இன்னும் நன்றாக மூடிக்கொண்டார். வாங்கிப் பார்த்தாள். மூன்று தாளில் மூன்று மார்க்.

"கொஞ்சம் வெளிய இரும்மா," என்றார் தலைவர்.

வெளியே பெஞ்சில் சுருட்டை உட்கார்ந்திருந்தாள். முகம் இன்னும் திரும்பித்தான் இருந்தது. ஆனால் வந்திருந்தாள். நகர்ந்து இடம் கொடுத்தாள். உள்ளே குரல்கள் ஏறி இறங்கின. அது இவளைப் பற்றியா, தொப்பிக்காரரைப் பற்றியா என்று கதவுக்கு வெளியே தெரியவில்லை. ஆராய்ச்சி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறதே என்று நினைத்தாள். வீட்டுக்காரர் முகமும் நினைவுக்கு வந்தது.

கூப்பிட்டார்கள். போய் நின்றாள்.

"'கவனம் தேவை'ன்னு எழுதினா நீ போயிடணும்," என்றார் தலைவர். "'திருப்தி'ன்னு எழுத வேலை முடியல. நடுவுல எழுத வேற சொல் கிடையாது." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "உன்னை அனுப்பிட்டா, தப்பைக் கண்டுபிடிச்சதுக்காக அனுப்பினதா ஆயிடும். திருப்தின்னே எழுதியிருக்கோம். ஆனா அரை வருஷத்துல திரும்ப வரணும். எது விட்டுக்கொடுக்கறது, எது இல்லைன்னு தெளிவா விதி எழுதணும். மார்க் போட வேற ஆளுங்க. எல்லாம் முதல்லேருந்து. அப்பவும் முடியலைன்னா இந்த மேஜையில நான் ஒரு பேச்சுக் கேக்க மாட்டேன்."

"சரி சார்."

"அந்தம்மாவுக்கு ஒரு புள்ளிதான்," என்றார், அவள் கதவைத் தொடும்போது. கணக்குக்காரர் மேஜையில் தட்டினார்.

வெளியே வந்தவளைச் சுருட்டை கையைப் பிடித்து நிறுத்தினாள். "என்ன போட்டாங்க?"

"திருப்தி. ஆனா எல்லாம் முதல்லேருந்து."

"எல்லாமா?"

"எல்லாமே. மார்க் போட மௌனியும் இன்னொரு புது ஆளும். நீயும் கூடாது, நானும் கூடாது."

"அப்ப நான் எதுக்கு? தண்டமா?"

"விதி எழுத நீ வேணும். கையைக் கட்டினா என்ன, மூஞ்சியைத் திருப்பினா என்ன, ஒண்ணொண்ணா எழுதணும்."

சுருட்டை கையை விட்டாள். கொஞ்சம் யோசித்தாள். "கையைக் கட்டினா அரைப் புள்ளி."

"ஒண்ணும் கிடையாது."

"அரை. எந்தப் பக்கம் பாத்துக் கட்டறாங்கங்கறது இருக்கு."

"அரைன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுடி, உள்ள கேட்டுட்டுத்தான் வரேன்."

"யாரு சொன்னது? எழுதிப் போடு, நான் சொல்றேன்."

அந்த வராந்தாவிலேயே பெஞ்சின் இரண்டு நுனியில் உட்கார்ந்து முதல் விதியை எழுத ஆரம்பித்தார்கள். அடித்தார்கள், திரும்ப எழுதினார்கள், திரும்ப அடித்தார்கள். லேப் பூட்டுகிற நேரம் வரைக்கும் முதல் விதியிலேயே இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை.